பச்சை வயரை வெட்டினேன்

மூன்று வருடங்களுக்கு முன்பு, மலேசியாவில் சுங்காய் பக்கம் ஒரு பழைய ரப்பர் தோட்டத்தில் நடந்தது இது. இப்போது அங்கே எல்லாம் எண்ணெய் எடுக்கும் செம்பனைதான். தோட்டத்துப் பொது மண்டபம் மட்டும் கல்யாணங்களுக்காக நிற்கிறது. ஈப்போவிலிருந்து எங்கள் சின்ன இசைக்குழு அங்கே மதிய விருந்துக்கு வாசிக்கப் போயிருந்தது. நான் கிட்டார். பாடுவது என் மனைவி. அப்போது அவளுக்கு ஐந்தாவது மாதம்.

கிட்டாரின் ஓசையை மாற்ற, காலால் மிதிக்கும் பெடல்கள் ஆறு வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் ஒன்பது வோல்ட் வேண்டும். முன்பெல்லாம் பேட்டரி போடுவேன். அது பாட்டுக்கு நடுவில் தீர்ந்துபோய் மானத்தை வாங்கும். அதனால் ஆறுக்கும் சேர்த்து மின்சாரம் கொடுக்கும் இரும்புப் பெட்டி ஒன்றை, யாரோ பயன்படுத்தியதை, வாங்கினேன். வாங்கிய நாளிலிருந்து ஸ்பீக்கரில் ஓயாத இரைச்சல். பெட்டியையும் ஆம்பிளிஃபையரையும் செருகும் எக்ஸ்டென்ஷன் வயரில், கசியும் மின்சாரத்தைத் தரைக்குக் கடத்தும் எர்த்தை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று யாரோ சொன்னார்கள். பிளக்கைத் திறந்து, எர்த்தான பச்சை வயரை வெட்டினேன். இரைச்சல் நின்றது. எனக்கு ஒரே பெருமை. மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

அன்று நல்ல மழை. செருப்பைக் கழற்றிவிட்டு ஈரக் காலோடு மேடை ஏறினோம். ஒரு பெடலின் வயர் கழன்றிருந்தது. "கொஞ்சம் புடிம்மா" என்று கிட்டாரை மனைவியிடம் கொடுத்துவிட்டுக் குனிந்தேன். அவள் கம்பிகளோடு சேர்த்து அதை இடது கையில் பிடித்துக்கொண்டு, சத்தம் சரிபார்க்க வலது கையால் மைக்கைப் பிடித்தாள்.

சத்தமே வரவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். வாய் திறந்தபடி இருந்தது. இரண்டு கைகளும் விறைத்து நடுங்கின. கண்கள் என்னையே பார்த்தன. விளையாடுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

அவளை இழுக்கப் பாய்ந்தேன்.

"தொடாதீங்க தம்பி! தொடாதீங்க!"

பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்த ஓர் அக்கா, கையிலிருந்த இலைகளை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து சுவரிலிருந்த சுவிட்சைத் தட்டினார். மனைவி சரிந்து என் மேல் விழுந்தாள். "வயிறு... வயிறு..." என்றாள். அந்த அக்கா சுவிட்சிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

"எங்கண்ணனுக்கும் இப்படித்தான் லா ஆச்சு. இழுக்கப் போன அண்ணியும் போயிட்டாங்க."

ஆஸ்பத்திரிக்குக் காரை ஓட்டும்போது, குழந்தை அசைகிறதா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அவள் வயிற்றில் கையை வைத்தபடியே வந்தாள். டாக்டர் கருவியை வைத்துத் தேடத் தேட, நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்புறம் கேட்டது, குதிரை ஓடுவதுபோல், குழந்தையின் இதயத் துடிப்பு.

எர்த்தை நான் வெட்டியதால்தான் பெட்டியில் கசிந்த மின்சாரம் கிட்டார் கம்பிகளுக்கு வந்தது என்று அங்கேயே அழுதுகொண்டு உண்மையைச் சொன்னேன். மனைவி கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள்.

"வீட்டுல இன்னும் எதையெல்லாம் வெட்டி வச்சிருக்கீங்க? இப்பவே சொல்லிருங்க."

அன்றைக்கே அந்த வயரையும் பெட்டியையும் தூக்கிப் போட்டேன். மகளுக்கு இப்போது இரண்டு வயது தாண்டிவிட்டது, நன்றாக இருக்கிறாள். ஆனால் அந்தத் தவறைச் செய்தபோது என் கை கொஞ்சம்கூட நடுங்கவில்லை என்பதுதான் இன்றைக்கும் என்னை நடுங்க வைக்கிறது.