குழியில் மக்காத தட்டு

எங்கள் அம்சவல்லி அக்காவுக்கு வாய் நீளம் என்று குடவாசலில் பாதிப் பேர் சொல்வார்கள். சொல்லட்டும். ஐந்து பெண்களை வைத்துக்கொண்டு கல்யாணங்களுக்குச் சமைப்பவளுக்கு வாய் இல்லாவிட்டால் எப்படி? அந்த ஐவரில் ஒருத்தி நான், கனகா. காய் நறுக்குவதும் பந்தி பரிமாறுவதும் என் வேலை.

மதியச் சாப்பாட்டுக்கு எப்போதும் வாழையிலைதான். காலை டிபனுக்குத் தட்டு வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன் அக்கா ஏமாந்தது அங்கேதான். பச்சை இலைப் படம் போட்டு, 'மக்கும்' என்று அச்சடித்த காகிதத் தட்டுகளை நம்பி வாங்கினாள். எச்சில் தட்டுகள் வாழையிலையோடு சேர்ந்து வழக்கம்போல் அவள் வீட்டு எருக்குழிக்குப் போயின. கோடையில் அந்த எருவைத் தன் அரை ஏக்கரில் கொட்டினாள். நடவன்று சேற்றில் கைவிட்ட பெண்களின் விரல்களில் மெல்லிய பிளாஸ்டிக் தாள் சுற்றிக்கொண்டு வந்தது. தட்டில் காகிதம் மட்டும் மக்கியிருந்தது; அதன்மேல் ஒட்டியிருந்த தாள் அப்படியே இருந்தது.

"உன் விருந்த வயலுக்கும் பரிமாறிட்டியா?" என்று நடவுக்கு வந்திருந்த காளியம்மாள் சிரித்தாள். அக்காவுக்கு மானமே போய்விட்டது.

அன்றிலிருந்து யார் எந்தத் தட்டைக் கொண்டுவந்தாலும் அது மூன்று மாதம் எருக்குழியில் கிடக்க வேண்டும். தோண்டும்போது சாணியோடு சாணியாகியிருந்தால்தான் வாங்குவாள். யாராவது சான்றிதழைக் காட்டினால், "அதையும் குழியில போடுங்க, எது முதல்ல மக்குதுன்னு பாப்போம்" என்பாள். கடைசியில் தேறியது பாக்குமட்டைத் தட்டு.

போன வைகாசியில் பெரிய மண்டபத்தில் ஒரு நிச்சயதார்த்தம். எங்களுக்குப் பாதி வேலை அந்த மண்டபத்தில்தான். பொங்கலும் இட்லியும் தயாராகிவிட்டன. மேனேஜர் ராஜராஜன் பளபளப்பான காகிதத் தட்டுகளை மேஜையில் அடுக்கி வைத்திருந்தார்.

"இனிமே மண்டபத் தட்டுதாங்க. மொத்தமா வாங்கிட்டோம்."

அக்கா ஒன்றை எடுத்து நகத்தால் கீறினாள். பிளாஸ்டிக் தாள் உரிந்து வந்தது. அதை அவர் கையிலேயே கொடுத்தாள்.

"இத எடுக்கச் சொல்லுங்க. என் பொங்கல் இதுல விழாது."

"எல்லாரும் உக்காந்துட்டாங்கம்மா."

"என் தட்டு வண்டியில இருக்கு. ரெண்டு நிமிஷம்."

"இங்க வேலை வேணும்னா சொன்னதக் கேளுங்க."

"அப்ப இன்னைக்கே கடைசிங்க. கனகா, போய் தட்ட எடுத்துட்டு வாடி."

நான் வண்டிக்கு ஓடினேன். எங்கள் தட்டிலேயே பரிமாறினோம். பெண் வீட்டார் வயிறாரச் சாப்பிட்டார்கள். எங்களுக்காக ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் எரிகிறது.

ஆவணி முழுக்க அங்கே முகூர்த்தங்கள். வேறு ஆள் சமைத்தார். நாங்கள் வீட்டில் கிடந்தோம். பொறுக்க முடியாமல் அக்காவிடம் சண்டைக்குப் போனேன்.

"ஒரு தட்டுக்காகவாக்கா இவ்வளவும்?"

"எனக்கும் பயமாத்தான்டி இருக்கு. அதுக்காகத் தெரிஞ்சே செய்யச் சொல்றியா?" என்றாள். கண் கலங்கியிருந்தது.

மறுவாரம் ராஜராஜன் எனக்குப் போன் செய்தார். பரிமாற ஆள் பற்றவில்லையாம்.

"அந்தம்மாவ விடு கனகா. நீ வா, உனக்கு எப்பவும் வேலை உண்டு."

"டிபனுக்கு எந்தத் தட்டுங்க?"

"அது உனக்கெதுக்கு?"

"பரிமாறுற கை என்னோடதுங்க. நான் வரலை" என்று சொல்லிப் போனை வைத்தேன்.