நொச்சிக்கு ஸ்டே

மூச்சு வாங்கும் ஒரு மனிதரைக் கட்டிலில் விட்டுவிட்டு, வரப்பு நொச்சியில் தழை ஒடிக்கலாமா என்று வக்கீலுக்குப் போன் போட்டவன் நான். என் முட்டாள்தனங்களில் இதுதான் தலையாயது என்று சொல்லமாட்டேன், போட்டி பலமானது.

கொரோனா இரண்டாம் அலை. திருத்துறைப்பூண்டிப் பக்கம் அக்கா வீடு. அத்தானுக்கு ரத்தப் புற்றுநோய், கீமோ நடந்துகொண்டிருந்தது. அதன்மேல் காய்ச்சல், இருமல். டாக்டர் உடனே தஞ்சாவூருக்குக் கூட்டிவரச் சொல்லியிருந்தார். ஊரடங்கில் இ-பாஸ் வாங்கிச் சென்னையிலிருந்து போய் இறங்கிய நான்தான் தடுத்தேன்.

"அங்க போனா இல்லாததும் ஒட்டிக்கும்க்கா. ஒரு நாள் ஆவி பிடிச்சுப் பாப்போம்."

நுரையீரல் வைரஸுக்குத் தாவரச் சத்தை மூச்சில் கொடுத்து எலிகளிடம் சோதிக்கிறார்கள் என்று ஒரு கட்டுரையைப் பாதி படித்திருந்தேன். மனிதருக்கு இது இன்னும் மருந்தல்ல என்பது மீதிப் பாதியில் இருந்திருக்கிறது.

மறுநாள் காலை இருமல் கூடியது. ஆவிக்குப் போடும் நொச்சித் தழையைக் கூட்டலாம் என்று முடிவு செய்தேன். நொச்சி நின்ற வரப்போ வழக்கில் இருந்தது. ஒரு காலத்தில் அத்தான் வீட்டு நிலத்தில் வேலை செய்தவர்கள் இப்போது பக்கத்து வயலுக்குச் சொந்தக்காரர்கள். வரப்பு யாருடையது என்பதில் தகராறு. இரு தரப்பும் தொடக்கூடாதென்று ஸ்டே.

"தழைதானே, ஒடிச்சுக்குங்க சார். ஒடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்துடுங்க" என்றார் வக்கீல்.

எடுத்தேன். நாலு பக்கமும்.

எதிர்த்தரப்புக்காரரின் மகள் அரசு ஆஸ்பத்திரி நர்ஸ். வயலுக்கு வந்தவர் பார்த்துவிட்டார்.

"ஸ்டே இருக்குன்னு தெரியும்ல சார்?"

"அத்தானுக்கு ஆவி பிடிக்கணும்."

"கீமோவுல இருக்கறவருக்கா? ஆக்சிஜன் பாத்தீங்களா?"

அவர் அப்பா காலத்தில் அவர்களைக் கொல்லைப்புறத்தோடு நிறுத்திய வீடு. வாசல் வழியாக நேரே போய் கைப்பையிலிருந்த ஆக்சிஜன் பார்க்கும் கருவியை அத்தான் விரலில் மாட்டினார். எண்பத்து நாலு.

"எதிர்ப்பு சக்தியே இல்லாத உடம்புங்க. நிமோனியாவ இலையால விரட்டுறீங்களா?" என்றபடியே 108-ஐ அழைத்தார்.

ஆம்புலன்ஸ் கடைத்தெருவைக் கடந்தபோது, குக்கரில் குழாய் செருகி ஊருக்கே நொச்சி ஆவி கொடுத்துக்கொண்டிருந்தார்கள், தலைவர்கள் பேனரில் சிரிக்க. எதிர்க்கட்சி எதிர்ச்சாரியில் கஷாயம். ஒரே குழாயில் ஊர் வாயெல்லாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாகக்கிடப்பவனின் மூச்சிலா கொடி நடுவது? எலிக்குக் கொடுத்ததை மருந்தென்று பரப்புகிறவனுக்குத் தண்டனை கிடையாதா?

மூன்று வாரம் கழித்து அத்தான் வீடு திரும்பினார். இதையே அன்றும் கூடத்தில் நின்று முழங்கினேன். அரசை, வாட்ஸப்பை, படித்த மூடர்களை, ஒருவரையும் விடவில்லை.

அத்தானுக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்த அக்கா நிமிரவில்லை.

"ஒனக்கு மட்டும் அன்னிக்கு இ-பாஸ் கெடைக்காம போயிருந்தா, இவர மொத நாளே சேத்திருப்பேன்."