உப்பில்லாச் சோறும் கறுப்புப் புள்ளிகளும்

மாரியம்மனை நம்பி இருக்கிற என் சொந்தங்களே, 2003 மாசியில் என் தங்கை செல்வியின் கழுத்துக் கட்டியைப் புற்றுநோய் என்று பதுளை ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். எங்கள் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், கழுத்துக் கட்டி இல்லாத லயம் இல்லை. அதனால் அதுவரை யாரும் பயப்படவில்லை. திருவிழாவில் அம்மனுக்குத் தாலாட்டுப் பாடுகிறவள் அவள். ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது குரல் இல்லை. வெறும் காற்றுத்தான் வந்தது. அம்மா சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார்.

மிச்ச நோய்க்குக் கொழும்புப் பக்கம் போய், கதிர்வீச்சு கலந்த அயடீன் மருந்து விழுங்க வேண்டும் என்றார்கள். நோய் உடம்பில் எங்கே ஒளிந்திருந்தாலும் அது தேடிப் போகும். பிறகு எடுக்கிற ஸ்கேன் படத்தில் இடத்தைக் காட்டும். அங்கேயே நோயை எரிக்கும். வீட்டில் படித்தவன் நான் ஒருவன்தான், எல்லாருக்கும் விளக்கினேன். அதற்கு முன் சில வாரம் அயடீன் சேர்ந்த கடை உப்பு, கருவாடு கூடாது. உடம்பு அயடீனுக்கு ஏங்கிக் கிடந்தால்தான் மருந்து பிடிக்கும்.

லயத்தில் பக்கத்துக் காம்பரா வீட்டுப் பெரியம்மாவுக்கு மனசு கேட்கவில்லை.

"உப்பில்லாச் சோத்தத் தின்னு புள்ள எப்புடிய்யா தேறும்? நீ படிச்சுக் கிழிச்சது போதும்."

நெத்தலிக் கருவாட்டுக் குழம்பை ஊட்டியே விட்டார். பாசத்தில் செய்ததுதான். ஆனால் மருந்து தள்ளிப்போனது. இனிச் செல்வி இல்லை என்றே நினைத்தேன். கோயில் வாசலில் விழுந்து, ஒரு வழி காட்டு ஆத்தா என்று அழுதேன்.

மறுநாள், நான் ஒன்றும் கேட்காமலே, அம்மா தனக்கும் செல்விக்கும் காப்புக் கட்டி உப்பில்லா விரதம் எடுத்தார். காப்புக் கட்டிய கையில் உப்புச் சேர்ந்ததைக் கொடுக்க லயத்தில் யாருக்கும் துணிவில்லை. பெரியம்மாவும் எங்களோடு உப்பை விட்டார்.

மருந்து விழுங்கியவளைத் தனி அறையில் வைத்தார்கள். உடம்பில் கதிர்வீச்சு இருப்பதால் யாரும் தொடக்கூடாது. திருநீறு பூசப் போன அம்மாவின் கை கதவுக்கு வெளியிலேயே நின்றுவிட்டது. அதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

வீட்டுக்கு அனுப்புமுன் படம் எடுத்தார்கள். நெஞ்சு முழுக்கக் கறுப்புப் புள்ளிகள். மருந்து பலிக்கவில்லை என்று நினைத்து வெளியே போகத் திரும்பினேன். அங்கிருந்த யாழ்ப்பாணத்து டொக்டர் என் தோளைப் பிடித்தார்.

"கறுப்பாத் தெரியிறது நோய்தான் தம்பி. ஆனா மருந்து போய்ப் பிடிச்சிருக்கிறதும் அங்கதான்."

அடுத்த ஆண்டுப் படத்தில் அந்தப் புள்ளிகள் இல்லை.

உங்கள் வீட்டில் யாருக்காவது கழுத்தில் கட்டி இருந்தால் சும்மா இருக்காதீர்கள், கொண்டுபோய்க் காட்டுங்கள். ஆத்தாவிடமும் அழுங்கள். அவள் யார் கையால் வழி விடுவாள் என்று நமக்குத் தெரியாது.

குரல் மட்டும் திரும்பவில்லை. இந்தத் திருவிழாவில் செல்வி அந்தக் காற்றுக் குரலிலேயே தாலாட்டுப் பாடினாள். பக்கத்தில் நின்ற எனக்கே ஒரு வார்த்தை பிடிபடவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன். அம்மாதான் சொன்னார்:

"கேக்க வேண்டியவளுக்குக் கேட்டிருக்கும்."