நடுக்கூடத்துக் கெளுத்தி

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் கமலத்தைப் பெண் பார்க்கக் கிள்ளானிலிருந்து வந்தார்கள். பையனின் அப்பா துணிக்கடைக்காரர். சுத்த சைவம்.

காலையிலேயே என் மனைவி ஒரு பழைய புடவையோடு வந்து நின்றாள்.

"இந்தாங்க, அந்தத் தொட்டிய மூடிடவா? அவங்க போற வரைக்குந்தான்."

"எதுக்கு? திருடிக்கிட்டா வந்தேன்?"

பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டுக்கு வந்தவர்களுக்கு நடுக்கூடத்துத் தொட்டியைத் தெரியும். ரயில்வே ஏலத்தில் எடுத்த பேட்டரிக் கண்ணாடி ஜாடி. அதில் விரல் நீளக் கெளுத்திகள். ஈயம் தோண்டிய பழைய குட்டையில் நானே பிடித்தவை. முள் குத்திக் கை வீங்கியதும் எனக்குத்தான்!

தங்கமீன் வாங்க வக்கில்லாமலா இதை வளர்க்கிறேன்? தண்டவாளத்துக்குக் கல் சுமந்தவன் நான். பள்ளிக்கூடம் அதிகம் பார்க்காதவன். இன்று சொந்த லோரி ஓடுகிறது. தங்கமீன் மினுக்கும்... அவ்வளவுதான். கெளுத்தி சேற்றில் பிறந்து, மீசையால் வழி தடவிப் பிழைக்கும். அதை எனக்குப் பிடிக்காமல் வேறு யாருக்குப் பிடிக்கும்?

வந்தார்கள். காப்பியை வாய்க்குக் கொண்டுபோன துணிக்கடைக்காரர் ஜாடியைப் பார்த்தார். டம்ளர் கீழே இறங்கிவிட்டது.

"என்னங்க இது, கொழம்பு மீன நடுக்கூடத்துல வச்சிருக்கீங்க? மீன் இருக்கிற வீட்ல நாங்க கை நனைக்கிறதில்ல. பின்னால கொண்டுபோகச் சொல்லுங்க. அப்புறம் பேசுவோம்."

மனைவி கண்ணாலேயே கெஞ்சினாள். கதவோரம் கமலம். நல்ல இடம், விட்டால் ஊர் என்னைத்தான் ஏசும். ஆனாலும்... என் வீட்டில் எது எங்கே இருக்கவேண்டும் என்று இன்னொருவர் சொல்வதா?

"ஐயா, நீங்க மீன் திங்கிறதில்ல. நாங்க மீனுக்குச் சோறு போடுறோம். இதுல யாரு பெரிய சைவம்?"

அவர் எழுந்துவிட்டார். மகனைத் தேடினார். அவனோ ஜாடி முன்னால் குந்தியிருந்தான்!

"அப்பா, இதுக்கு எத்தன மீச பாருங்க!"

"எட்டு," என்றது கதவோரத்துக் குரல். "பொழுது சாஞ்சா எல்லாம் வெளிய வரும்."

பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் வாய் திறந்தால்? அவ்வளவுதான், மகனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார். கேசரி அப்படியே இருந்தது. மூன்று நாள் என் மனைவி எனக்கு அதையே போட்டாள்.

நேற்று கிள்ளானிலிருந்து ஆள் வந்தது. பையன் வேறு பெண்ணே வேண்டாம் என்கிறானாம். அப்பாவுக்கும் சம்மதந்தானாம். கல்யாணத்தன்று மட்டும் மீன் கூடத்தில் இருக்கக்கூடாதாம்.

கமலத்திடம் கேட்டேன். "மீன் கூடத்துலயே இருக்கட்டும்ப்பா," என்றாள்.

அதையே சொல்லி அனுப்பிவிட்டேன். மீனைப் பார்க்கப் பிடிக்காதவர்கள் மணப்பெண்ணைப் பார்த்துக்கொண்டு உட்காரட்டும்!