டீச்சரின் கோபம்

பாளையங்கோட்டையில் ஒரு கணினி பழுதுபார்க்கும் கடையில் நான் எடுபிடியாக இருந்தபோது ஒரு டீச்சர் அடிக்கடி வருவார். மெலிந்த உடம்பு, தடித்த கண்ணாடி. லேப்டாப்போடு அது வந்த அட்டைப்பெட்டியையும் தூக்கி வருவார். ‘ஓப்பன் சோர்ஸ், எல்லா நிரலையும் நீங்களே திறந்து திருத்தலாம்’ என்று அதில் ஆங்கிலத்தில் அச்சிட்டிருப்பதை விரல் வைத்துக் காட்டுவார். புது அப்டேட் போட்டதும் வைஃபை நின்றுபோயிருந்தது. அதை இயக்கும் ‘டிரைவர்’ என்ற மென்பொருளின் நிரலை மட்டும் கம்பெனி யாருக்கும் தராமல் பூட்டி வைத்திருந்தது.

“ஒரு யுஎஸ்பி வைஃபையச் செருகுனா சோலி முடிஞ்சுது டீச்சர். எதுக்கு மல்லுக்கட்டுதீங்க?” என்றார் முதலாளி.

“நிரலைக் குடுத்தா நானே சரி பண்ணிருவேன் அண்ணாச்சி. தாரேன்னு சொல்லித்தான வித்தான்? இன்னைக்கும் எழுதிக் கேக்கப் போறேன்.”

அவர் போனதும் முதலாளி சிரித்தார். “கம்பெனிக்காரனுக்கே வீட்டுப்பாடம் குடுக்காங்க, பாத்தியாலே!”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. முன்பு வேலை பார்த்த ஓர் ஊரில், தங்க இடம் தருவதாகக் கூட்டிப்போய் என்னை லாரிக்கு அடியில் படுக்கவைத்திருக்கிறார்கள். நான் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டேன். சொன்னதைக் கொடு என்று ஒருவரிடம் போய் நிற்கலாம் என்பதே எனக்குத் தோன்றியதில்லை. டீச்சரின் கோபத்தில் கொஞ்சம் எனக்கும் இருந்திருந்தால் ஏதாவது ஓர் ஊரில் தங்கியிருப்பேனோ என்று இப்போதும் அவர்மேல் பொறாமையாக இருக்கிறது.