வயிற்று வலிக்காரன்

கடைசியாக நான் தொலைக்காட்சியில் வந்தது ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டராக. அதற்குப் பிறகு ஆடிஷனுக்குக் கூப்பிடும் போன் அத்தி பூத்தாற்போலத்தான். ஆனால் லிட்டில் இந்தியாவில் காய்கறி விற்கும் அக்காவுக்கு நான் இன்னும் இன்ஸ்பெக்டர்தான்.

"என்ன இன்ஸ்பெக்டர், ஆளையே காணோம்? இப்ப எந்த நாடகத்துல வர்றீங்க?" என்று வெண்டைக்காயை நிறுத்துக்கொண்டே கேட்பார்.

"பேசிட்டிருக்காங்க அக்கா" என்பேன். யாரும் பேசிக்கொண்டிருக்கவில்லை. அக்காமேல் எனக்கு எரிச்சல் இல்லை, என்னுடைய அந்தப் பதில்மேல்தான்.

சும்மா உட்கார்ந்தால் நடிகனுக்குத் துருப்பிடித்துவிடும். அதனால் கிளமெண்டி பக்கம் ஒரு மருத்துவப் பள்ளியில் நோயாளியாக நடிக்க ஆள் தேவை என்று கேள்விப்பட்டதும் ஓடிப்போய்ச் சேர்ந்தேன். மாணவர்கள் நிஜ நோயாளிகளைப் பார்ப்பதற்கு முன்னால் எங்களைப் போன்றவர்களிடம் பழகிக்கொள்வார்கள். எனக்கு வந்தது வயிற்று வலிக்காரன் வேடம். அவனுக்கு வேலை போய்விட்டது, வீட்டில் சொல்லவில்லை, வலிக்குக் காரணம் அதுதான். இந்த நடிப்பில் ஒரு விதி உண்டு. கேட்டால் மட்டும்தான் சொல்ல வேண்டும். கேட்டுவிட்டால் மறைக்கக் கூடாது. ஒரு மாணவர், தங்கமான பிள்ளை, என் வயிற்றைச் சுற்றிச் சுற்றி அமுக்கிப் பார்த்தாரே தவிர என் வேலையைப் பற்றி வாயே திறக்கவில்லை. நானும் சொல்லாமலே எழுந்து வந்துவிட்டேன்.

அது இருக்கட்டும். வயிறு வலிப்பவர்கள் உண்மையில் எப்படி இருப்பார்கள்? இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை தேக்கா உணவங்காடியில் ஒரு தேத்தண்ணியை வாங்கி வைத்துக்கொண்டு வருகிறவர்கள் போகிறவர்களை எல்லாம் பார்த்தேன். ஒருவர் பிரியாணித் தட்டுக்கு முன்னால், இடுப்பில் கட்டைவிரலைச் செருகிக்கொண்டு, எதையோ யோசிப்பதுபோல உட்கார்ந்திருந்தார். அடடா, வலி முகத்தைச் சுளிக்க வைப்பதில்லை, யோசிக்க வைக்கிறது என்று எனக்கு ஒரே குஷி. பக்கத்தில் போய், "அண்ணே, வயித்து வலியா?" என்று கேட்டேன்.

"இல்ல சார், பெல்ட் டைட்டு" என்றார்.

பொங்கோலில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அவரை என் மனைவிக்கு நடித்துக் காட்டினேன். அவள் பாலர் பள்ளி ஆசிரியை, நாள் முழுக்கப் பிள்ளைகளோடு கத்திவிட்டு வருகிறவள். சோபாவில் சாய்ந்து விழுந்து சிரித்தாள்.

அந்த வாரம்தான் அவளுடைய அண்ணன், என் மச்சான், தன் ஏர்கான் கம்பெனி அலுவலகத்தில் எனக்கு ஒரு வேலை இருப்பதாகச் சொன்னார். திங்கள் முதல் சனி வரை, முழுநேரம். "வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லிடுங்க மாப்பிள்ளை. இல்லாட்டி வேற ஆள் பார்க்கணும்லா." பகலில் வரும் ஆடிஷன் எதற்கும் போக முடியாது. நோயாளி வேடமும் போய்விடும். மொத்தத்தில் என் நடிப்புக்கு மூடுவிழா. மனைவியிடம் கேட்டேன். "உங்க இஷ்டம்" என்றாள். கல்யாணமானவர்களுக்குத் தெரியும், அந்தச் சொல்லுக்குப் பிறகு நமக்கென்று ஓர் இஷ்டம் கிடையாது. போகச் சொல்கிறாள் என்றே நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை சாயங்காலம், ஒருவேளை கடைசித் தடவையாக, என் வேடத்தை ஒத்திகை பார்த்தோம். வழக்கமாக அவள் டாக்டர், நான் நோயாளி. அன்றைக்கு மாற்றிப் பார்க்கலாம் என்று தோன்றியது. அவள் வலியை எப்படி நடித்துக் காட்டுவாள் என்று பார்க்க ஆசை.

"எத்தனை நாளா வலி?"

"ஒரு வாரமா, டாக்டர்."

"சாப்பாடு எறங்குதா?"

"இல்ல."

"வேலையில ஏதும் பிரச்சினையா?"

"என் வேலையில ஒண்ணும் இல்ல."

"அப்ப யார் வேலையில?"

அவள் முகம் யோசிக்கிற முகமாக மாறியது. நடிப்பா, நிஜமா என்று என்னாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. "வீட்டுக்காரர் வேலையில."

"அவருக்குச் சரியான வேலை இல்லையேன்னு கவலையா?"

"இல்ல. எங்க அண்ணன்கிட்ட வேலைக்குப் போயிடுவாரோன்னு கவலை."

"ஏன்?"

"பணம் வந்தா நல்லாத்தான் இருக்கும், பொய் சொல்ல மாட்டேன். ஆனா எங்க அண்ணன் வீட்டுக்கு வந்தா போனை நோண்டிட்டு உட்கார்ந்துடுவாரு. இவரு வந்தா, பஸ்ல ஒருத்தர் எப்படித் தூங்குனாரு, கடையில ஒரு அம்மா எப்படி பேரம் பேசுனாங்கன்னு செஞ்சு காட்டுவாரு. நான் நாள் பூரா அதுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கேன். அது போயிடும்னு பயமா இருக்கு, டாக்டர்."

"இதை அவர்கிட்ட சொன்னீங்களா?"

"அவரு கேட்கலையே. வேலைக்குப் போகவான்னுதான் கேட்டாரு."

என் டாக்டர் வேடம் அத்தோடு கலைந்தது. அழுகை வந்துவிட்டது, அழுதேன்.

மறுநாள் காலை மச்சானுக்கு போன் செய்து, வேலை வேண்டாம் என்றேன்.

"தங்கச்சி இதுக்கு ஒத்துக்கிட்டாளா?"

"அவதான் மச்சான் வேணாம்னு சொன்னா" என்றேன்.