ஒரு நிறுத்தம் முன்னால்

அக்கா எப்போதும் வீட்டுக்கு ஒரு நிறுத்தம் முன்னாலேயே பேருந்திலிருந்து இறங்கிவிடுவாள். அவளுக்கு அடுத்த மருமகளாக இந்த வீட்டுக்கு நான் வந்த நாளிலிருந்து பார்த்திருக்கிறேன், மழைக்குக்கூட மாற்றியதில்லை. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி குளக்கரையோரம் வருவாள். மாடியில் துணி எடுக்கும்போது அவள் வருவது எனக்குத் தெரியும். தெருமுனையில் செருப்பை மாட்டியதும் வாய் மூடிக்கொள்ளும்.

ஆஸ்பத்திரியில் நோயாளிகளைத் தூக்கிக் கிடத்தித் தள்ளிக்கொண்டு போவது அவள் வேலை. வீட்டிலோ படுத்த படுக்கையாகக் கிடக்கும் மாமனாரைப் புரட்ட வேண்டும், துடைக்க வேண்டும். நான் இருந்தாலும் மாமா அவளைத்தான் கூப்பிடுவார்.

போன வருஷம் அவள் கணவர், என் பெரிய அத்தான், ஸ்கூட்டர் வாங்கினார்.

"இனிமே ஆஸ்பத்திரி வாசல்லயே ஏத்திக்கிறேன். மகாராணி மாதிரி வரலாம்."

"வேணாங்க, நடந்தே வந்துடறேன்."

"நாள் பூரா நடக்கிறது பத்தாதா? காலென்ன வாடகைக்கு எடுத்ததா?"

எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். ஆசையாகச் செய்கிறவரிடம் என்ன சொல்வது?

ஸ்கூட்டரில் வர ஆரம்பித்த சில மாதங்களில் அவளுக்குத் தூக்கம் போனது. குழாயடியில் குடம் நிரம்பி வழியும், பார்த்துக்கொண்டே நிற்பாள். டாக்டரிடம் நான்தான் துணைக்குப் போனேன்.

"கொஞ்சம் நடங்கம்மா. வேலைக்காக இல்ல, உங்களுக்காக."

வீட்டில் அத்தானிடம் தயங்கித் தயங்கி, "அந்தக் குளக்கரை..." என்றேன். "நடக்கணும், அவ்வளவுதானே?" என்றவர், மறுவாரம் பழைய நடைப்பயிற்சி மிஷின் ஒன்றைக் கொண்டுவந்து மாமாவின் கால்மாட்டில் போட்டார். அப்பாவையும் பார்த்துக்கொள்ளலாமாம்.

முதல் நாள் ஏறினாள். "மூத்தவளே, தண்ணி." இறங்கிக் கொடுத்துவிட்டு ஏறினாள். "முதுகு அரிக்குது." மறுபடி இறங்கினாள். மூன்றாம் முறை ஏறியதும் மாமா கேட்டார், "இவ்வளவு வேகமா எங்கம்மா போறே?"

"எங்கயும் இல்ல மாமா."

ஒருநாள் தனியாகக் கேட்டேன். "அக்கா, நாம ரெண்டு பேரும் குளக்கரைக்குப் போய்ட்டு வரலாமா?"

"அது வீட்டுக்கு வர்ற வழிடி. யாரும் எதுவும் கேக்கல. அதுக்குன்னு கிளம்பினா கேப்பாங்க. யாரு பதில் சொல்லிக்கிட்டு இருக்கிறது?"

இப்போதும் அத்தான் தவறாமல் கூட்டிவருகிறார். அக்கா மாத்திரை போட்டுத் தூங்குகிறாள். சாயங்காலம் மிஷினில் ஏறி, மாமா கூப்பிடும்வரை சுவரைப் பார்த்து நடக்கிறாள். செருப்பு போட்டுக்கொண்டுதான்.